பிடிமானத்தின் எல்லையில் ஸ்போர்ட்ஸ் கார்கள்: டயருக்கும் சாலைக்கும் இடையே நடப்பது என்ன?

திருவனந்தபுரம்:

விலை உயர்ந்த ஒரு ஸ்போர்ட்ஸ் கார், சாதாரணக் காரைவிட ஒரு வளைவில் எவ்வளவு கூடுதல் வேகத்தில் திரும்ப இயலும்? 100 மீட்டர் ஆரம் கொண்ட சமதள வளைவை எடுத்துக்கொண்டால், இயற்பியல் தரும் விடை மணிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் மட்டுமே. அதே வளைவில் மழை பெய்து சாலை நனைந்திருந்தால் சாதாரணக் கார் இழக்க வேண்டிய வேகம் ஏறத்தாழ 27 கிலோமீட்டர். பணம் கொடுத்துப் பெறும் வேகத்தைவிட மழை பறித்துக்கொள்ளும் வேகம் இரு மடங்குக்கும் அதிகம்.

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் கேரளத் தலைநகரில் இந்தக் கணக்கு வெறும் பாடப்புத்தகக் கணக்கு அன்று. கழக்கூட்டம் முதல் தமிழக எல்லையை ஒட்டிய காரோடு வரை சுமார் 43 கி.மீ. நீளமுள்ள தேசிய நெடுஞ்சாலை 66-இன் நான்குவழிப் புறவழிச்சாலை, நகர நெரிசலைத் தவிர்த்து விரைவாகச் செல்ல வழிவகுத்துள்ளது. கேரள அரசு 2023 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்திய வேக வரம்பின்படி, நான்குவழி தேசிய நெடுஞ்சாலைகளில் கார்கள் மணிக்கு 100 கி.மீ. வரையிலும், ஆறுவழி தேசிய நெடுஞ்சாலைகளில் 110 கி.மீ. வரையிலும் செல்லலாம். ஆனால் சட்டம் அனுமதிக்கும் வேகமும், அந்த நேரத்தில் சாலை அனுமதிக்கும் வேகமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

உள்ளங்கை அளவே ஆதாரம்

ஒரு கார் எத்தனை குதிரைத்திறன் கொண்டதாக இருந்தாலும், அது சாலையைத் தொடும் இடங்கள் நான்கு மட்டுமே. ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுப் பரப்பில் தரையில் பதிகிறது. வேகத்தைக் கூட்டுதல், குறைத்தல், திரும்புதல் ஆகிய மூன்று செயல்களும் இந்த நான்கு சிறு பரப்புகளின் வழியாகவே நிகழ வேண்டும்.

ரப்பர் சாலையைப் பற்றிக்கொள்வதற்கு இரு காரணங்கள் உண்டு. தார்ச் சாலையில் பதிந்துள்ள ஜல்லியின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் ரப்பர் நெளிந்து புகுந்து, மீண்டும் பழைய வடிவுக்குத் திரும்பத் தாமதிக்கிறது. அந்தத் தாமதமே நகர்வைத் தடுக்கும் விசையாகிறது. இது முதலாவது. ரப்பரின் மூலக்கூறுகள் சாலைப் பரப்போடு கணநேரம் ஒட்டிப் பிரிவது இரண்டாவது. சாலை நனையும்போது இந்த இரண்டாவது பிடிப்பு பெருமளவு அற்றுப்போகிறது.

இந்தியாவில் இயற்கை ரப்பர் உற்பத்தியில் கேரளமே முதலிடம் வகிக்கிறது. ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் டயரின் தரையைத் தொடும் மேற்பகுதியில் பெரும்பாலும் செயற்கை ரப்பரும், அதனுடன் கரித்தூள், சிலிக்கா போன்றவையும் சேர்க்கப்படுகின்றன. நெளிந்தபின் மெதுவாக மீளும் தன்மை செயற்கை ரப்பரில் கூடுதல் என்பதால் பிடிமானம் மிகுகிறது. விரைவில் மீண்டெழும் இயற்கை ரப்பர், அதிகம் சூடேறாமல் பாரம் சுமக்க வேண்டிய லாரி டயர்களுக்கு ஏற்றதாக உள்ளது.

வேகத்தின் இருபடிக் கணக்கு

டயர் தரும் பிடிமானத்தை உராய்வுக் கெழு என்ற எண்ணால் குறிப்பர். உலர்ந்த தார்ச் சாலையில் நல்ல நிலையில் உள்ள சாதாரண டயருக்கு இது 0.9 அளவில் இருக்கலாம். மென்மையான ரப்பர் கொண்ட ஸ்போர்ட்ஸ் டயருக்கு 1.1 வரை கிடைக்கலாம். நனைந்த சாலையில் 0.5 அளவுக்கும், எண்ணெய்ப் பசையோ சேறோ படிந்த ஈரச் சாலையில் 0.3 அளவுக்கும் இறங்கிவிடலாம்.

வளைவில் திரும்பும் வாகனத்திற்குத் தேவைப்படும் விசை, வேகத்தின் இருபடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இரு மடங்கானால் தேவைப்படும் பிடிமானம் நான்கு மடங்காகும். இதன்படி 100 மீட்டர் ஆரம் கொண்ட சமதள வளைவில் சாதாரண டயரின் உச்ச வேகம் மணிக்கு 107 கி.மீ.; ஸ்போர்ட்ஸ் டயரின் உச்ச வேகம் 118 கி.மீ. பிடிமானத்தை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாக உயர்த்தியும் வேகத்தில் கிடைக்கும் ஆதாயம் பத்தில் ஒரு பங்கு மட்டுமே. நனைந்த சாலையில் சாதாரணக் காரின் உச்சம் 80 கி.மீ.; வழுக்கும் சாலையிலோ 62 கி.மீ. மட்டுமே.

வளைவுகளில் சாலையின் வெளிப்புறம் சற்று உயர்த்தி அமைக்கப்படுவது வழக்கம். இந்தியச் சாலைகளில் இந்தச் சாய்வு பொதுவாக 7 சதவீதத்திற்கு மிகாது. அதனால் கிடைக்கும் கூடுதல் வேகம் சில கி.மீ. அளவே.

சாலையை வடிவமைக்கும் பொறியாளர்கள் உராய்வுக் கெழுவை 0.9 என்றோ 0.5 என்றோ எடுத்துக்கொள்வதில்லை என்பது இங்கு கவனிக்கத்தக்கது. இந்தியச் சாலைப் பேராயத்தின் நெறிமுறைகள் பக்கவாட்டு உராய்வுக்கு 0.15 என்ற எண்ணையே பயன்படுத்துகின்றன. 7 சதவீதச் சாய்வையும் சேர்த்துக் கணக்கிட்டால், மேற்கூறிய வளைவுக்குப் பொறியாளர் ஏற்கும் வேகம் மணிக்கு சுமார் 53 கி.மீ. தேய்ந்த டயர், ஈரம், மணல், கவனக்குறைவு, எதிர்பாராத தடை ஆகிய அனைத்திற்கும் இடம் விட்டு அமைக்கப்பட்ட எண் இது. அதற்கும் 107-க்கும் இடைப்பட்ட வேகம், அவசரத்திற்கென ஒதுக்கிய சேமநிதி. வளைவில் விரைவதை இன்பமாகக் கருதும் ஓட்டுநர், அந்தச் சேமநிதியையே செலவு செய்கிறார்.

ஒரே கையிருப்பு, இரு செலவு

பிடிமானம் என்பது ஒரே கையிருப்பு. பிரேக் போடுவதற்கு ஒன்று, திரும்புவதற்கு வேறொன்று எனத் தனித்தனிக் கணக்கு டயருக்குக் கிடையாது. பொறியாளர்கள் இதனை ஒரு வட்டமாக வரைந்து காட்டுவர். வட்டத்தின் மேல் கீழ்த் திசையில் வேகக் கூட்டலும் பிரேக்கும், பக்கவாட்டில் திருப்பமும் அமையும். எந்தத் திசையிலும் வட்டத்தின் விளிம்பைத் தாண்ட இயலாது.

டயரின் மொத்தப் பிடிமானத்தில் 80 சதவீதத்தைப் பிரேக்கிற்குச் செலவிட்டால், திரும்புவதற்கு 60 சதவீதம் எஞ்சுகிறது. செங்கோண முக்கோணத்தின் பக்கங்களுக்குரிய கணக்கே இங்கும் பொருந்துகிறது. முழுப் பிடிமானத்தையும் பிரேக்கிற்கே செலவிட்டால் திரும்புவதற்கு எதுவும் மிஞ்சாது. ஸ்டீயரிங்கை எவ்வளவு சுழற்றினாலும் கார் நேராகவே செல்லும். வளைவுக்குள் நுழைந்த பின் வேகம் அதிகம் என உணர்ந்து பிரேக்கை அழுத்தும் ஓட்டுநர்கள் சிக்கிக்கொள்ளும் நிலை இதுவே. எனவேதான் பந்தய ஓட்டுநர்கள் பெரும்பகுதி பிரேக்கை வளைவுக்கு முன்பே, கார் நேராக உள்ளபோதே முடித்துக்கொள்கின்றனர். திருப்பம் கூடக் கூட பிரேக்கைச் சிறிது சிறிதாகத் தளர்த்துகின்றனர். வளைவைவிட்டு வெளியேறும்போதுதான் ஆக்ஸிலரேட்டரைப் படிப்படியாக அழுத்துகின்றனர்.

டயர் நழுவத் தொடங்குவதும் ஒரே நொடியில் நிகழ்வதன்று. திரும்பும்போது டயர் நோக்கும் திசைக்கும், அது உண்மையில் செல்லும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் ஏற்படுகிறது. இந்த நழுவு கோணம் கூடக் கூட முதலில் பிடிமானமும் கூடும். சாலை டயர்களில் பெரும்பாலும் 6 முதல் 10 பாகை அளவில் பிடிமானம் உச்சத்தை எட்டும். அதற்கு மேல் கோணம் விரிந்தால் பிடிமானம் குறையத் தொடங்கும். இந்த உச்சமே எல்லை எனப்படுகிறது. அதை நெருங்கும்போது டயர் கிறீச்சிடுவதும், ஸ்டீயரிங் கையில் இலகுவாவதும் இயல்பான எச்சரிக்கைகள். ஈரச் சாலையில் கிறீச்சொலி பெரும்பாலும் கேட்பதில்லை.

முன்சக்கரம் நழுவினால், பின்சக்கரம் நழுவினால்

எல்லையைத் தாண்டும் கார் இரு வகையாக நடந்துகொள்ளும். முன்சக்கரங்கள் முதலில் பிடிமானம் இழந்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பிய அளவுக்குக் கார் திரும்பாமல் வளைவின் வெளிப்புறத்தை நோக்கிச் செல்லும். இது அண்டர்ஸ்டீர் எனப்படும். பின்சக்கரங்கள் முதலில் நழுவினால், காரின் பின்பகுதி வெளியே வீசப்பட்டு, கார் தன்னைத்தானே சுற்றிக்கொள்ள முயலும். இது ஓவர்ஸ்டீர்.

முன்சக்கரங்கள் இயக்கும் பெரும்பாலான குடும்பக் கார்கள் அண்டர்ஸ்டீர் ஆகும் வகையிலேயே வடிவமைக்கப்படுகின்றன. பதற்றத்தில் ஓட்டுநர் இயல்பாகச் செய்வது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதுதான். முன்சக்கரம் நழுவும் காரில் அதுவே பெரும்பாலும் சரியான தீர்வாகவும் அமைந்துவிடுகிறது.

ஸ்போர்ட்ஸ் கார்களில் நிலைமை வேறு. இயந்திரம் இருக்கைக்குப் பின்னால், காரின் நடுப்பகுதியில் அமைந்தால் எடை மையத்தை ஒட்டித் திரள்கிறது. கைகளை விரித்துச் சுழலும் நடனக் கலைஞர் கைகளை உடலோடு ஒடுக்கியதும் விரைந்து சுழல்வதைப் போல, இத்தகைய கார் விரைவாகத் திசை மாறும். அதே காரணத்தால், கட்டுப்பாடு இழந்தாலும் விரைவாகவே சுழலும். போர்ஷே 911 வகைக் கார்களில் இயந்திரம் பின் அச்சுக்கும் பின்னால் உள்ளது. வளைவைவிட்டு வெளியேறி வேகமெடுக்கும்போது பின்சக்கரங்களின் மீதுள்ள அந்த எடை உதவும். பின்பகுதி வெளியே வீசத் தொடங்கிவிட்டாலோ அதே எடை ஊசற்குண்டு போல் இழுக்கும்.

எடைப் பெயர்ச்சியும் இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. பிரேக் அழுத்தும்போது காரின் எடை முன்சக்கரங்களை நோக்கிச் சாய்கிறது. வளைவின் நடுவே எல்லையை ஒட்டிச் செல்கையில் ஆக்ஸிலரேட்டரைத் திடீரென விட்டாலும் இதுவே நிகழும். பின்சக்கரங்கள் இலகுவாகிப் பிடிமானம் இழக்கும். குடும்பக் காரில் காப்பாற்றிய அதே பழக்கம், பின்சக்கரம் இயக்கும் ஸ்போர்ட்ஸ் காரில் காரைச் சுழற்றிவிடக் கூடும்.

எல்லை உயர்ந்தால் அபாயம் குறையுமா?

ஸ்போர்ட்ஸ் கார் எல்லையை உயர்த்துகிறது, எல்லையை அகற்றுவதில்லை. உயர்ந்த எல்லைக்கு ஒரு விலையும் உண்டு. எல்லை தாண்டப்படும் கணத்தில் காரின் வேகம் ஏற்கெனவே அதிகமாக இருக்கும். 107 கி.மீ. வேகத்தைவிட 118 கி.மீ. வேகத்தில் மோதல் ஆற்றல் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல். மணிக்கு 118 கி.மீ. என்பது நொடிக்கு 33 மீட்டர். தவறைத் திருத்த ஓட்டுநருக்குக் கிடைக்கும் அவகாசம் சில பத்தில் ஒரு பங்கு நொடிகளே. கார் தாழ்வாகவும் உறுதியாகவும் இருப்பதால் அந்த வேகம் உடலுக்கு வேகமாகத் தெரிவதும் இல்லை.

ஹாலிவுட் நடிகர் பால் வாக்கர் 2013 நவம்பர் 30 அன்று அமெரிக்காவின் சாண்டா கிளாரிட்டாவில் உயிரிழந்த விபத்து இதற்கு ஒரு சான்று. அவர் பயணியாக அமர்ந்திருந்த போர்ஷே கரேரா ஜிடி, 600 குதிரைத்திறனுக்கும் மேற்பட்ட ஆற்றல் கொண்டது. வாகன நிலைப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு இல்லாதது. மணிக்கு 72 கி.மீ. வரம்புள்ள சாலையில் கார் ஏறத்தாழ 130 முதல் 150 கி.மீ. வேகத்தில் சென்றதாக விசாரணை அதிகாரிகள் 2014 மார்ச்சில் அறிவித்தனர். காரில் இயந்திரக் கோளாறு எதுவும் கண்டறியப்படவில்லை. டயர்கள் 9 ஆண்டுகள் பழமையானவை என்பதையும், அது காரின் கையாளுமையைப் பாதித்திருக்கலாம் என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினர்.

ரப்பர் காலப்போக்கில் இறுகுகிறது. அரிதாக வெளியே எடுக்கப்படும் விலை உயர்ந்த காரின் டயர்கள், தேயாமலே முதுமை அடைகின்றன. பார்வைக்குப் புதிதாகத் தோன்றும் அவை, வடிவமைப்பாளர் கணக்கிட்ட பிடிமானத்தைத் தருவதில்லை.

மின்னணுப் பாதுகாவலர்கள்

சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் அமைப்பு, பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பல முறை தளர்த்தி அழுத்துகிறது. அவசரமாக பிரேக் போடும்போதும் திரும்புவதற்குச் சிறிது பிடிமானத்தை இது மிச்சம் வைக்கிறது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் புதிய கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

அடுத்த படி, இ.எஸ்.சி. எனப்படும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு. ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பிய திசையையும் கார் உண்மையில் திரும்பும் விதத்தையும் இது ஒப்பிட்டுப் பார்க்கிறது. வேறுபாடு ஏற்பட்டால், குறிப்பிட்ட ஒரு சக்கரத்திற்கு மட்டும் பிரேக் கொடுத்து காரை வழிக்குக் கொண்டுவருகிறது. 1995-இல் மெர்சிடிஸ் பென்ஸ் காரில் அறிமுகமான இந்த நுட்பம், 1997 அக்டோபரில் சுவீடனில் நடந்த ஒரு சோதனைக்குப் பின் உலகறிந்தது. சாலையில் திடீரெனக் குறுக்கிடும் காட்டு மானைத் தவிர்க்க ஸ்டீயரிங்கை இருபுறமும் விரைந்து திருப்பும் அந்தச் சோதனையில், பத்திரிகையாளர்கள் ஓட்டிய மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கார் கவிழ்ந்தது. அதைத் தொடர்ந்து அந்த வகைக் கார் அனைத்திலும் இந்த அமைப்பைச் சேர்க்க நிறுவனம் முடிவு செய்தது. இந்தியாவில் 2023-இல் தொடங்கிய பாரத் என்சிஏபி மதிப்பீட்டில் மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ பெற இ.எஸ்.சி. இருக்க வேண்டும்.

இருப்பினும் இந்த அமைப்புகள் பிடிமானத்தை உருவாக்குவதில்லை. இருக்கும் பிடிமானத்தைப் பங்கிட்டுத் தருகின்றன. 80 கி.மீ. மட்டுமே இயலும் ஈர வளைவில் 100 கி.மீ. வேகத்தில் நுழைந்த காரை எந்த மின்னணுக் கருவியாலும் வளைவுக்குள் நிறுத்த இயலாது. நான்கு சக்கர இயக்கத்திற்கும் இது பொருந்தும். அது புறப்படவும் வேகமெடுக்கவும் உதவும், நிறுத்துவதற்கு உதவாது. பல ஸ்போர்ட்ஸ் கார்களில் நிலைப்புக் கட்டுப்பாட்டை அணைத்துவைக்கும் விசை தரப்பட்டுள்ளது. பந்தயத் திடலுக்கென அளிக்கப்பட்ட அந்த வசதியைப் பொதுச் சாலையில் பயன்படுத்துவது, கடைசிப் பாதுகாப்பையும் கைவிடுவதாகும்.

மழைநீர் மேல் மிதக்கும் கார்

நனைந்த சாலையில் டயர் தனக்குக் கீழுள்ள நீரை அப்புறப்படுத்தியாக வேண்டும். சாலையில் 3 மி.மீ. நீர் நிற்பதாகவும், 20 செ.மீ. அகலமுள்ள டயர் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் செல்வதாகவும் கொண்டால், ஒவ்வொரு நொடியும் அந்த டயர் விலக்க வேண்டிய நீர் 15 லிட்டர். ஸ்போர்ட்ஸ் காரின் 30 செ.மீ. அகல டயர் என்றால் 22 லிட்டருக்கும் மேல். உலர்ந்த சாலையில் பலமாக அமைந்த அகலம், தேங்கிய நீரில் பலவீனமாகிறது. டயரின் பள்ளங்கள் தேய்ந்திருந்தால் நீர் வெளியேற வழியின்றி, டயர் தரையைவிட்டு எழும்பி நீரின் மேல் மிதக்கத் தொடங்கும். இதுவே ஹைட்ரோபிளேனிங். அந்த நிலையில் பிரேக், ஸ்டீயரிங் இரண்டுமே பயனற்றுப் போகின்றன.

விமான டயர்களை ஆராய்ந்த அமெரிக்காவின் நாசா 1960-களில் கண்டறிந்த சூத்திரத்தின்படி, மிதக்கத் தொடங்கும் வேகம் டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. 32 பி.எஸ்.ஐ. அழுத்தத்திற்கு அது மணிக்கு சுமார் 94 கி.மீ. காற்று இறங்கி 22 பி.எஸ்.ஐ. ஆகிவிட்டால் சுமார் 78 கி.மீ. கார்களுக்கு இது தோராயமான அளவே; நீரின் ஆழமும் டயரின் தேய்மானமும் இதை மாற்றும். ஆயினும் நான்குவழிச் சாலையில் சட்டம் அனுமதிக்கும் 100 கி.மீ. வேகத்தைவிட இந்த எண் குறைவாக இருப்பது கவனத்திற்குரியது. நீர் தேங்கிய சாலையில் வேக வரம்புக்குள் சென்றாலும் கார் மிதக்கக் கூடும்.

திருவனந்தபுரம் வழியாகச் செல்லும் இதே தேசிய நெடுஞ்சாலையில், வடக்கே ஆலப்புழை அருகே களர்கோடு பகுதியில் 2024 டிசம்பர் 2 அன்று இரவு மழையில் நிகழ்ந்த விபத்தை மாநிலம் மறக்கவில்லை. மருத்துவ மாணவர்கள் 11 பேர் சென்ற வாகனம் நழுவி, எதிரே வந்த அரசுப் பேருந்தில் மோதியதில் 6 மாணவர்கள் உயிரிழந்தனர். அது ஸ்போர்ட்ஸ் கார் அன்று. 14 ஆண்டுகள் பழமையான பல்நோக்கு வாகனம். கனமழை, மங்கிய வெளிச்சம், கூடுதல் பயணிகள், வாகனத்தின் பழமை, ஏ.பி.எஸ். இல்லாமை, ஓட்டுநரின் அனுபவக் குறைவு ஆகியவற்றை மோட்டார் வாகனத் துறை காரணிகளாகச் சுட்டிக்காட்டியது. தனித்தனியே பார்த்தால் இவற்றில் பல அன்றாடம் காணக் கூடியவையே. ஒன்றுசேர்ந்தபோது அவை பிடிமானத்தின் எல்லையை, யாரும் வேகம் எனக் கருதாத ஓர் அளவுக்கு இறக்கிவிட்டன.

நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழையும் ஆபத்தானது. சாலையில் படிந்த எண்ணெய்ப் பசை, டயர்த் துகள், தூசு ஆகியவை நீரோடு குழைந்து வழுக்கும் படலமாகின்றன. தொடர்ந்து பெய்யும் மழை அவற்றைக் கழுவிச் செல்லும் வரை பிடிமானம் மிகக் குறைவாகவே இருக்கும்.

பந்தயத் திடலின் பாடம்

எல்லையை ஒட்டி ஓட்டுவதே தொழிலாகக் கொண்டவர்கள் பந்தய ஓட்டுநர்கள். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறக்கப்பட்ட பந்தயத் திடலின் முழுச் சுற்று சுமார் 3.7 கி.மீ. நீளமுடையது. அங்கு ஓட்டுநர் ஒரே வளைவில் மீண்டும் மீண்டும் திரும்புகிறார். எதிரே வாகனம் வருவதில்லை. குறுக்கே யாரும் நடப்பதில்லை. டயரின் வெப்பமும் காற்றழுத்தமும் அளக்கப்படுகின்றன. வழி தவறினால் காரை நிறுத்த வெளியிடம் உண்டு. இரும்புக் கூண்டும் பல முனைப் பட்டைகளும் உடலைக் காக்கின்றன. நடிகர் அஜித்குமாரின் கார், துபாய் 24 மணி நேரப் பந்தயத்திற்காக 2025 ஜனவரியில் நடந்த பயிற்சியின்போது தடுப்பில் மோதிச் சுழன்றது. அவர் காயமின்றி வெளியே வந்ததற்கு இத்தகைய ஏற்பாடுகளே துணை. சில நாள்களில் அவரது அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது.

இத்தனை ஏற்பாடுகளும் முழு உத்தரவாதம் ஆகிவிடுவதில்லை. மூத்த பந்தய வீரர் கே.இ. குமார், 2023 ஜனவரி 8 அன்று இருங்காட்டுக்கோட்டைத் திடலிலேயே பந்தய விபத்தில் உயிரிழந்தார்.

எல்லை எங்குள்ளது எனத் தெரியாதபோது உலகின் சிறந்த ஓட்டுநர்கள் என்ன செய்வர் என்பதற்கும் வரலாற்றில் ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் திடலில் 2005 ஜூன் 19 அன்று நடந்த ஃபார்முலா 1 பந்தயத்திற்கு முந்தைய பயிற்சியில், சாய்தள வளைவான 13-ஆம் திருப்பத்தில் மிஷலின் டயர் பழுதாகி ஒரு கார் மோதியது. அந்த வளைவை முழு வேகத்தில் தம் டயர்கள் தாங்கும் என்று அந்நிறுவனத்தால் உறுதியளிக்க இயலவில்லை. பந்தய நாளில் 20 கார்கள் அணிவகுத்துச் சென்றபின், மிஷலின் டயர் பூட்டிய 14 கார்களும் களத்தைவிட்டு வெளியேறின. எஞ்சிய 6 கார்கள் மட்டுமே போட்டியிட்டன. அவற்றுள் ஒன்றை ஓட்டிய கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் நான்காம் இடம் பெற்று, ஃபார்முலா 1 புள்ளிகள் பெற்ற முதல் இந்தியர் ஆனார்.

திடல் நிறைந்திருந்த பார்வையாளர்களின் ஏமாற்றத்தையும் அந்தப் பந்தயத்தின் புள்ளிகளையும் பொருட்படுத்தாமல் 14 கார்கள் விலகின. ஒரே ஒரு வளைவில் டயர் தாங்குமா என்பது தெரியவில்லை என்பதே காரணம். பொதுச் சாலையில் விரையும் ஓட்டுநருக்கு அடுத்த வளைவில் மணல் கிடக்கிறதா, நீர் தேங்கியுள்ளதா, மாடு நிற்கிறதா என்பது எதுவும் தெரியாது.

ஓட்டுநர்கள் கவனிக்க வேண்டியவை

கார்களில் டயர் பள்ளத்தின் ஆழம் சட்டப்படி 1.6 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. மழைக்காலத்திற்கு அது போதுமானதன்று. அந்த அளவை நெருங்கும் முன்பே மாற்றுவது நல்லது. காற்றழுத்தத்தை மாதம் ஒரு முறையேனும், டயர் குளிர்ந்திருக்கும்போது சோதிக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது. பயன்படுத்திய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டிய எண் இதுவே.

வளைவில் கார் வெளிப்புறமாக நழுவினால் ஸ்டீயரிங்கை மேலும் திருப்பாமல், ஆக்ஸிலரேட்டரை மெல்லத் தளர்த்தி முன்சக்கரங்கள் மீண்டும் பிடிமானம் பெறக் காத்திருக்க வேண்டும். பின்பகுதி வீசினால், பின்பகுதி செல்லும் பக்கமாகவே ஸ்டீயரிங்கைத் திருப்பி, செல்ல வேண்டிய திசையிலேயே பார்வையைப் பதிக்க வேண்டும். நீரின் மேல் கார் மிதப்பதாக உணர்ந்தால் பிரேக்கையும் திருப்பத்தையும் தவிர்த்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்ஸிலரேட்டரை விடுவதே உகந்தது. ஏ.பி.எஸ். உள்ள காரில் அவசரமாக நிறுத்த நேர்ந்தால், பிரேக் மிதி அதிர்ந்தாலும் காலை எடுக்காமல் உறுதியாக அழுத்த வேண்டும்.

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் கார், உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்தபின் நிற்க சுமார் 44 மீட்டர் போதும். நனைந்த சாலையில் சுமார் 79 மீட்டர் தேவை. ஆபத்தை உணர்ந்து காலை பிரேக்கிற்குக் கொண்டுவர ஆகும் ஒரு நொடியில் கார் கடக்கும் 28 மீட்டரை இவற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விதிமீறல்களைக் கண்டறிய கேரளம் முழுவதும் 726 கேமராக்கள் நிறுவப்பட்டு, 2023 ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கப்படுகிறது. அவற்றில் பெரும்பாலானவை தலைக்கவசம், இருக்கைப் பட்டை போன்றவற்றைக் கவனிப்பவை. சில வேகத்தை அளப்பவை. டயருக்கும் சாலைக்கும் இடையே அந்தக் கணத்தில் எவ்வளவு பிடிமானம் எஞ்சியுள்ளது என்பதை அவற்றால் காட்ட இயலாது. மழை தொடங்கியதும் வேகத்தைக் குறைப்பதா என்ற முடிவு, ஸ்போர்ட்ஸ் கார் ஆனாலும் பழைய குடும்பக் கார் ஆனாலும், ஓட்டுநரிடமே விடப்பட்டுள்ளது.